இருந்தால் எடு, இல்லையென்றால் உருவாக்கு: சிமுலேஷன் ப்ராஜெக்டுகளை நிரல் வழியே கையாளுதல்

சிமுலேஷன் மென்பொருள்களில் ஒரு ப்ராஜெக்டை, அதாவது மாடல்களும் அவற்றுக்கான கோப்புகளும் அமைவுகளும் சேர்ந்த ஒரு தொகுப்பை, தொடங்குவது பெரும்பாலும் மவுஸ் வேலையாகவே இருக்கிறது. மெனுவைத் திறந்து, புதியது என்பதைச் சொடுக்கி, பெயர் கொடுத்து, கோப்புறையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஒரே மாடலை ஒருவரே பராமரிக்கும்வரை இதில் குறையொன்றும் தெரிவதில்லை. ஒரே அமைப்பில் பல ப்ராஜெக்டுகள் தேவைப்படும்போதும், இரவில் ஆள் இல்லாத சர்வரில் சோதனைகள் ஓட வேண்டியிருக்கும்போதும், குழுவில் புதிதாகச் சேர்ந்தவரின் கணினியில் எல்லாம் அதே இடத்தில் இருக்க வேண்டியிருக்கும்போதும்தான் இந்த வேலையை நிரலிடம் ஒப்படைக்கும் எண்ணம் வருகிறது. ஒப்படைக்கப் போனால், உருவாக்கும் வேலை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் ப்ராஜெக்டைச் சரியாக அடையாளம் கண்டு திரும்ப எடுக்கும் இடத்தில்தான் யோசனை முழுவதும் செலவாகிறது. நிரல் முதல் முறை ஓடுவதைக் கொண்டு நான் அதை மதிப்பிடுவதில்லை. அதே நிரல், அதே கோப்புறையில், எதையும் கலைக்காமல் இரண்டாம் முறையும் ஓடுகிறதா என்பதே என் அளவுகோல்.

நான் அதிகம் புழங்குவது கணக்கீட்டு மென்பொருளான மேட்லேபும் அதன் மேல் இயங்கும் சிமுலேஷன் கருவியான சிமுலிங்கும் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன். முன்பு ப்ராஜெக்ட் என்ற வசதி சிமுலிங்கோடு மட்டுமே வந்தது. 2019ஆம் ஆண்டின் முதல் வெளியீடான ஆர்2019ஏ முதல் அது மேட்லேபின் பகுதியாகிவிட்டது. அதே வெளியீட்டில்தான் '-பேட்ச்' என்ற கட்டளைவரித் தேர்வும் வந்தது. அதன் வழியே மேட்லேபை ஜன்னல் இல்லாமல் ஓட்டலாம். ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்தால் பூஜ்ஜியமல்லாத வெளியேற்றக் குறியீட்டோடு அது நின்றுவிடும். நிரல் வழியே ப்ராஜெக்டுகளை நிர்வகிக்க இந்த இரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன என்பதால், ஒரே நேரத்தில் இரண்டும் கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

உருவாக்குவதற்கான செயற்கூறு 'மேட்லேப்.ப்ராஜெக்ட்.கிரியேட்ப்ராஜெக்ட்'. அதற்கு ஒரு கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் ப்ராஜெக்டை நிரலில் குறிக்கும் ஆப்ஜெக்ட் ஒன்று கையில் கிடைக்கிறது. வட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. அந்தக் கோப்புறைக்குள் '.பிஆர்ஜே' என்ற நீட்சியுடன் ஒரு சிறு கோப்பு உருவாகிறது; கூடவே 'ரிசோர்சஸ்' கோப்புறைக்குள் 'ப்ராஜெக்ட்' என்றொரு உட்கோப்புறையும் வருகிறது. எந்தக் கோப்புகள் ப்ராஜெக்டைச் சேர்ந்தவை, எவை தேடுபாதையில் (செயற்கூறுகளை மேட்லேப் தேடும் கோப்புறைகளின் பட்டியலில்) இருக்க வேண்டும், திறக்கும்போது எவை ஓட வேண்டும் என்பன போன்ற வரையறைகள் அந்த உட்கோப்புறையில்தான் எக்ஸ்எம்எல் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. இந்த ஆப்ஜெக்டுக்குச் 'சேமி' என்ற கட்டளை தனியாகக் கிடையாது. நிரலில் ஒரு கோப்பைச் சேர்த்த கணமே வரையறை வட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே, நிரல் பாதியில் முறிந்தால் பாதி கட்டிய ப்ராஜெக்ட் ஒன்று வட்டில் மிச்சமிருக்கும். மறுமுறை ஓடும் நிரல் அந்தப் பாதியையும் எதிர்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது திரும்ப எடுத்தலுக்கு வருவோம். நிரல் தொடங்கும் தருணத்தில் ப்ராஜெக்ட் வட்டிலேயே இல்லாமல் இருக்கலாம். வட்டில் இருந்தும் திறக்கப்படாமல் இருக்கலாம். இந்த அமர்விலேயே யாரோ அதை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கலாம். இவை போதாதென்று, வேறொரு ப்ராஜெக்ட் திறந்திருக்கும் நிலையும் உண்டு. கவனிக்காமல் விட்டால் அதுதான் அதிகத் தொல்லை தருகிறது. ஏனெனில், மேட்லேபில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மேல்நிலை ப்ராஜெக்ட் மட்டுமே திறந்திருக்க முடியும். அதனுள் இணைப்பாகச் சேர்க்கப்பட்ட ப்ராஜெக்டுகள் எத்தனை வேண்டுமானாலும் உடன் திறக்கலாம். 'ஓப்பன்ப்ராஜெக்ட்' என்று புதியதைத் திறக்கச் சொன்னால் பழையது மூடப்படும். ஒரு துணைச் செயற்கூறு தன் வசதிக்காக உள்ளே இன்னொரு ப்ராஜெக்டைத் திறந்துவிட்டால், அதை அழைத்த நிரலின் தேடுபாதை மொத்தமும் அதற்குத் தெரியாமலேயே மாறிப்போகும். பிறகு, 'இந்தச் செயற்கூறு கிடைக்கவில்லை' என்ற பிழை முற்றிலும் வேறோரிடத்தில், தொடர்பே இல்லாததுபோல் வந்து நிற்கும்.

திறந்திருப்பது எது என்று கேட்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 'கரன்ட்ப்ராஜெக்ட்' என்ற செயற்கூறு திறந்திருக்கும் ப்ராஜெக்டைத் தருகிறது. எதுவும் திறந்திருக்காவிட்டால் பிழையை எழுப்புகிறது. 'மேட்லேப்.ப்ராஜெக்ட்.ரூட்ப்ராஜெக்ட்' என்பதோ அந்த நிலையில் வெற்று மதிப்பைத் திருப்பித் தருகிறது. ஏதாவது திறந்திருக்கிறதா என்று அறிய மட்டுமே விரும்பும் இடத்தில் இரண்டாவதே பொருத்தம். முதலாவதைப் பயன்படுத்தி, பிழையைப் பிடித்து விழுங்கும் ட்ரை-கேட்ச் கட்டளைத் தொகுதி ஒன்றைச் சுற்றிலும் கட்டியிருப்பதைப் பல ஸ்கிரிப்டுகளில் பார்க்கலாம். அந்தக் கேட்ச், எதிர்பார்த்த பிழையோடு எதிர்பாராதவற்றையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அடுத்தது அடையாளம். ஒரு ப்ராஜெக்டை அதன் பெயரைக் கொண்டு தேடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயர் என்பது மனிதர் படிப்பதற்கான ஒரு பண்பு. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு ப்ராஜெக்டுகளுக்கு ஒரே பெயரையும் வைக்கலாம். ஒரே களஞ்சியத்தை, அதாவது கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பராமரிக்கும் கோப்புத் தொகுப்பை, இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்திருப்பவரிடம் ஒரே பெயரில் இரண்டு ப்ராஜெக்டுகள் இயல்பாகவே இருக்கும். எனவே 'நேம்' பண்பை ஒதுக்கிவிட்டு 'ரூட்ஃபோல்டர்' பண்பை ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டிலும் எழுத்துகளை அப்படியே ஒப்பிடுவது போதாது. பாதையின் இறுதியில் ஒரு சாய்கோடு இருப்பதும் இல்லாததும், விண்டோஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும், குறியீட்டு இணைப்பு (வேறொரு கோப்புறையைச் சுட்டும் குறுக்குவழி) வழியாக வந்த பாதையும் நேரடிப் பாதையும் என, ஒரே கோப்புறைக்குப் பல முகவரிகள் உண்டு. இரு பாதைகளையும் முதலில் முழுமையான வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

வட்டில் இருக்கிறதா என்று சோதிக்கும் இடத்தில் இன்னொரு கண்ணி உள்ளது. '.பிஆர்ஜே' நீட்சியுள்ள கோப்பு இருந்தாலே ப்ராஜெக்ட் இருக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் மேட்லேபின் கோடர், கம்பைலர், டூல்பாக்ஸ் பொதியாக்கம் ஆகியவையும் தங்கள் அமைவுகளை அதே நீட்சியில் சேமித்து வந்திருக்கின்றன. பழைய களஞ்சியங்களில் ஒரே கோப்புறைக்குள் இவ்வகைக் கோப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டுக் கிடப்பது சகஜம். ஆகவே, நீட்சியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் 'ரிசோர்சஸ்' கோப்புறைக்குள் 'ப்ராஜெக்ட்' இருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன். ஆர்2019ஏ-க்கு முற்பட்ட களஞ்சியமாக இருந்தால் இந்த வரையறைகள் புள்ளியில் தொடங்கும் '.சிமுலிங்க்ப்ராஜெக்ட்' என்ற மறைகோப்புறையில் இருக்கக்கூடும் என்பதால் அதற்கும் ஒரு வரி வைத்திருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே செயற்கூறாக எழுதினால் அதன் ஓட்டம் இப்படி அமையும். கொடுக்கப்பட்ட பாதையை முதலில் முழுமைப்படுத்துகிறது. 'ரூட்ப்ராஜெக்ட்' வெற்றில்லாமல் இருந்து அதன் கோப்புறையும் இதுவும் ஒன்றாக இருந்தால், அந்த ஆப்ஜெக்டையே திருப்பித் தருகிறது. வேறொன்று திறந்திருந்தால் தானாக அதை மூடாமல் பிழையோடு நிற்கிறது. அதை மூடும் முடிவு அழைத்தவருடையது. எதுவும் திறந்திருக்காமல் வட்டில் வரையறை இருந்தால் 'ஓப்பன்ப்ராஜெக்ட்'. அதுவும் இல்லையென்றால் மட்டுமே 'கிரியேட்ப்ராஜெக்ட்'. இருபது வரிக்குள் எழுதிவிடக்கூடிய செயற்கூறுதான் இது. திறத்தலையும் உருவாக்குதலையும் பற்றிய முடிவுகள் இந்த ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் எடுக்கப்படாமல் பார்த்துக்கொண்டால், மற்ற ஸ்கிரிப்டுகள் அனைத்தும் நிம்மதியாக இருக்கும்.

திறக்கும்போது தொடக்கக் கோப்புகள் தாமாக ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது. யாராவது அந்தக் கோப்பில் பயனரிடம் கேள்வி கேட்கும் ஒரு பெட்டியை வைத்திருந்தால், ஆள் இல்லாத சர்வரில் அது எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள். தொடக்கக் கோப்பில் பாதைகளையும் மாறிகளையும் அமைப்பதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

உள்ளடக்கத்தைச் சேர்ப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 'ஆட்ஃபைல்' செயற்கூறுக்குக் கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் கோப்புறை மட்டும்தான் சேரும், உள்ளிருப்பவை சேரா. உள்ளிருப்பவையும் வேண்டுமென்றால் 'ஆட்ஃபோல்டர்இன்க்ளூடிங்சைல்ட்ஃபைல்ஸ்' என்ற நீண்ட பெயருடைய செயற்கூறை நாட வேண்டும். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: சிமுலிங்க் உருவாக்கித் தள்ளும் தற்காலிகக் கோப்புகள் அந்தக் கோப்புறைக்குள் இருந்தால் அவையும் ப்ராஜெக்டின் உறுப்பினர்களாகிவிடும். இதைத் தவிர்க்க, ப்ராஜெக்டை உருவாக்கிய உடனேயே, மற்ற எதையும் சேர்ப்பதற்கு முன், 'சிமுலிங்க்கேஷ்ஃபோல்டர்', 'சிமுலிங்க்கோட்ஜென்ஃபோல்டர்' ஆகிய இரு பண்புகளையும் தனியான ஒரு கோப்புறைக்குத் திருப்பிவிடுவேன். பிறகு, அந்தக் கோப்புறையைக் கிட்டின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. 'ஆட்பாத்' வழியே தேடுபாதையில் சேர்க்கும் கோப்புறை முதலில் ப்ராஜெக்டின் உறுப்பாக இருக்க வேண்டும் என்பதால் வரிசையும் முக்கியம்.

கோப்புகளைத் திரும்ப எடுக்க 'ஃபைண்ட்ஃபைல்' இருக்கிறது. இல்லாத கோப்பைக் கேட்டால் அது வெற்று மதிப்பையே தருகிறது. எல்லா மாடல்களையும் எடு, எல்லாச் சோதனைகளையும் எடு என்பது போன்ற தேவைகளுக்குப் பெயரில் ஒரு முன்னொட்டை வைத்துத் தேடுவதைவிட லேபிள்களை நம்புவது மேல். ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் 'கிளாசிஃபிகேஷன்' என்ற வகை முன்பே அமைந்திருக்கிறது. அதில் 'டிசைன்', 'டெஸ்ட்', 'டிரைவ்டு' போன்ற லேபிள்கள் உள்ளன. நிரலில் கோப்பைச் சேர்க்கும்போதே லேபிளையும் ஒட்டிவிட்டால், பின்னர் அந்தக் கோப்பு எந்தப் பெயருக்கு மாறினாலும், எந்த உட்கோப்புறைக்கு நகர்ந்தாலும், ப்ராஜெக்டின் வழியாகவே அந்த மாற்றங்களைச் செய்திருந்தால், லேபிள் கூடவே வரும்.

ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டாலும் அதற்குள் இருக்கும் மாடல்கள் தனிக் கதை. 'நியூ_சிஸ்டம்' என்பது ஒரு மாடலை நினைவகத்தில் மட்டுமே உருவாக்குகிறது. 'சேவ்_சிஸ்டம்' வழியே பாதையோடு சேமிக்கும்வரை வட்டில் ஒன்றும் இல்லை. சேமித்த கையோடு 'ஆட்ஃபைல்' சொல்லாவிட்டால், கோப்பு கோப்புறையில் இருக்கும், ப்ராஜெக்டிலோ இருக்காது. திரும்ப எடுக்கும்போது 'லோட்_சிஸ்டம்' ஜன்னலைத் திறக்காமல் மாடலை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது என்பதால் ஸ்கிரிப்டுகளுக்கு அதுவே உகந்தது. ப்ராஜெக்டின் பெயரைப் போலன்றி, மாடலின் பெயர் எழுத்தில் தொடங்கி, எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே கொண்டிருக்க வேண்டும். ப்ராஜெக்டின் பெயரிலிருந்தே மாடலின் பெயரை ஆக்கும் நிரல், இடைவெளிகளை முதலில் நீக்கிவிட வேண்டும்.

இங்கேதான் பெயரைக் கொண்டு தேடுவதன் ஆபத்து முழுமையாகத் தெரியும். ஒரே பெயரில் இரண்டு மாடல்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க முடியாது. வெறும் பெயரைக் கொடுத்து 'லோட்_சிஸ்டம்' அழைத்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று நினைவகத்தில் இருந்தால் அதுவே நிற்கும். இல்லாவிட்டால் தேடுபாதையில் முதலில் அகப்படுவது வரும். அது பக்கத்துக் கோப்புறையில் கிடக்கும் பழைய நகலாகவும் இருக்கலாம். ஓட்டம் தடையின்றி முடியும், வரைபடங்களும் வரும், எண்கள் மட்டும் வேறொரு மாடலுடையவை. ஆகவே மாடலை ஏற்றியவுடன் 'கெட்_பாரம்' வழியாக அதன் 'ஃபைல்நேம்' அளவுருவைக் கேட்டு, அது ப்ராஜெக்டின் மூலக் கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கிறேன். அத்துடன் 'டர்ட்டி' என்ற அளவுருவையும் கேட்டுவிடலாம். சேமிக்கப்படாத மாற்றங்கள் இருந்தால் அது 'ஆன்' என்று சொல்லும். வட்டில் இருப்பது ஒன்றும் நினைவகத்தில் ஓடுவது இன்னொன்றுமாக இருப்பதை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

பிற மென்பொருள்கள் இதே கேள்விகளுக்கு வேறு வேறு விடைகளை வைத்திருக்கின்றன. இயற்பியல் சிமுலேஷனுக்கான காம்சாலில் மாடல்கள் சர்வரில் வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக், அதாவது அடையாளப் பெயர், உண்டு. 'மாடல்யூட்டில்.கிரியேட்' என்று டேக்கைக் கொடுத்து உருவாக்கலாம், 'மாடல்யூட்டில்.டேக்ஸ்' என்று பட்டியல் கேட்கலாம், 'மாடல்யூட்டில்.மாடல்' என்று டேக்கைச் சொல்லித் திரும்ப எடுக்கலாம். மேட்லேபிலிருந்து இணைத்துப் பயன்படுத்தும்போது நம் கையில் இருக்கும் மாறி வெறும் சுட்டிதான். மாறியை அழித்தால் மாடல் சர்வரில் அப்படியே இருக்கும். அதை நீக்க 'மாடல்யூட்டில்.ரிமூவ்' வேண்டும். நூற்றுக்கணக்கான ஓட்டங்களைச் சுழற்சியில் வைத்துவிட்டு நினைவகம் நிரம்பிவிட்டது என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரி இருக்கிறதா என்பதைத்தான். இன்னொன்று: 'எம்பிஹெச்லோட்' வழியே கோப்பைத் திறக்கும்போது, சர்வரில் உள்ள மாடல் ஒன்றின் டேக்கையே கொடுத்தால், புதியது அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். சேமிக்காமல் விட்ட வேலை போனது போனதுதான். எனவே ஏற்றுவதற்கு முன் பட்டியலைக் கேட்பது இங்கே கட்டாயம்.

நிகழ்வுசார் சிமுலேஷனுக்கான சிமியோவில், மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் வழியே 'சிமியோப்ராஜெக்ட்ஃபேக்டரி' என்ற வகுப்பின் 'லோட்ப்ராஜெக்ட்' செயற்கூறு ப்ராஜெக்ட் கோப்பைத் திறந்து ஆப்ஜெக்டாகத் தருகிறது. அதோடு எச்சரிக்கைகளின் அணி (வரிசைப் பட்டியல்) ஒன்றும் தனியே வெளிவருகிறது. எடுத்துக்காட்டுகளை நகலெடுப்பவர்கள் அந்த அணியைப் பார்க்காமலே கடந்துவிடுவது வழக்கம். ப்ராஜெக்ட் ஏறிவிட்டது என்பதும் குறையில்லாமல் ஏறியது என்பதும் வேறு வேறு. என்னைக் கேட்டால், அந்த அணி காலியாக இல்லாவிட்டால் தானியங்கி ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மாடல்களை இணையச் சர்வரில் ஓட்டும் எனிலாஜிக் கிளவுடின் முறை எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தமானது. பைத்தானில் கிளவுட் கிளையன்டை உருவாக்கி, மாடலைப் பெயரால் எடுத்து, அதன் சமீபத்திய பதிப்பைக் கேட்டு, அந்தப் பதிப்புக்கான இயல்புநிலை உள்ளீடுகளை ஆக்கி, வேண்டியவற்றை மட்டும் மாற்றி ஓட்டுகிறோம். மாடல், பதிப்பு, உள்ளீடு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓர் ஓட்டத்தை அடையாளப்படுத்துகின்றன. அதே உள்ளீடுகளோடு முன்பே ஓடியிருந்தால் முடிவுகளை எடுத்துத் தரவும், இல்லையென்றால் ஓட்டித் தரவும் ஒரே செயற்கூறு இருக்கிறது. இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள ஏற்பாட்டை அவர்கள் முடிவுகளுக்கும் நீட்டியிருக்கிறார்கள். எச்சரிக்கை ஒன்றே ஒன்று: சமீபத்திய பதிப்பு என்று கேட்கும் நிரல், யாராவது புதுப் பதிப்பை ஏற்றியதும் தன்னையறியாமல் வேறு மாடலை ஓட்டத் தொடங்கிவிடும். ஓர் அறிக்கைக்கான எண்களை எடுக்கும் நிரலில் பதிப்பையும் எழுதிவைத்துவிட வேண்டும்.

மறுபடி மேட்லேபுக்கு வந்து, கிட்டோடு உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். ப்ராஜெக்ட் வரையறைகளை ஒரே கோப்பில் வைப்பதா, பல கோப்புகளில் பிரித்து வைப்பதா என்று தேர்ந்தெடுக்க முடியும். ஒரே கோப்பு பார்க்கச் சுத்தமாக இருக்கும்; இரண்டு பேர் தனித்தனிக் கிளைகளில் ஆளுக்கொரு மாடலைச் சேர்த்துவிட்டு இணைக்கும்போது அதில் மோதல் வரும். பல கோப்புகளாக இருந்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் தனிப் பதிவு என்பதால் அந்த மோதல் பெரும்பாலும் எழுவதில்லை. பதிலுக்கு, படிக்க முடியாத பெயருடைய சிறு சிறு எக்ஸ்எம்எல் கோப்புகள் களஞ்சியமெங்கும் நிறையும். குழுவாக வேலை செய்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டு, அந்தப் பெயர்களைப் பார்க்கப் பழகிக்கொள்வதே நல்லது. 'எஸ்எல்எக்ஸ்' மாடல் கோப்புகளோ உண்மையில் ஜிப் பொதிகள். ஆகவே அவற்றை இருமக் கோப்புகள் என்று கிட்டிடம் சொல்லிவைப்பதும் உருவாக்கும் நிரலின் கடமைகளில் ஒன்று. சொல்லாமல் விட்டால் வரிமுடிவுகளைத் திருத்தப் போய் மாடலையே கெடுத்துவிடும் வாய்ப்பு உண்டு.

இப்படி எழுதிய நிரலைச் சோதிக்க நான் பின்பற்றுவது எளிய வழி. காலிக் கோப்புறையில் ஒருமுறை ஓட்டி, விளைவை அப்படியே கிட்டில் பதிவு செய்துவிட்டு, மேட்லேபை முழுவதும் மூடி, புதிய அமர்வில் '-பேட்ச்' வழியே மீண்டும் ஓட்டுவேன். பிறகு கிட்டிடம் நிலவரம் கேட்டால் எதுவும் மாறவில்லை என்று அது சொல்ல வேண்டும். ஏதேனும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு புதிதாக முளைத்திருந்தால், ஏற்கெனவே இருந்ததை எடுக்காமல் மறுபடி உருவாக்கிய வரி ஒன்று நிரலில் ஒளிந்திருக்கிறது. கிட் காட்டும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் அது எந்த வரி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மூன்றாவது ஓட்டத்தை வேண்டுமென்றே பாதியில் முறித்து, நான்காவதாக முழுமையாக ஓடவிடுவேன். அதற்குப் பின்பும் கிட் அமைதியாக இருந்தால் அந்த நிரலைச் சர்வரில் ஏற்றலாம்.